சிலுவையின் ஈரம்

சட்டை நனையக் கூடாது. ஆனால் அதை ஈரச் சிலுவையின்மேல் போடாமலும் இருக்க முடியாது.

காய்ச்சலில் மகன் ஃபிண்டன் நினைவிழந்து படுத்ததிலிருந்து சோர்கா இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

நோயாளியின் சட்டையைப் புனிதக் கிணற்றில் போட்டுப் பார்ப்பது ஊர் வழக்கம். மிதந்தால் பிழைப்பான். மூழ்கினால் போய்விடுவான், பிறகு மருத்துவரை அழைக்கக் குதிரை போகாது, கடைசி ஜெபத்துக்குப் பாதிரியாரை அழைக்கத்தான் போகும்.

அதற்கு முன் கிணற்றோரத்துக் கற்சிலுவையின் கைகளில் சட்டையைப் போட்டுவிட்டு, ஜெபம் சொல்லிக்கொண்டே கிணற்றை மூன்று முறை சுற்ற வேண்டும்.

கோடையில் சிலுவை காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் கல் வியர்க்கும். சுற்றி முடிப்பதற்குள் துணி அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும்வரைதான் துணி மிதக்கும். அந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் மூழ்கும்.

மழைக்காலத்தில் மிதந்த சட்டையைச் சோர்கா பார்த்ததே இல்லை.

"உன் புருஷன் குதிரையோட நிக்கிறான். எந்தப் பக்கம் திருப்பணும்னு கிணறு சொல்லட்டும்" என்றாள் நாத்தனார் கைட்.

மூன்றாவது சுற்று முடிந்தது. சிலுவையில் செதுக்கியிருந்த, தேய்ந்துபோன முகத்தைச் சோர்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டையை எடுத்து நீரில் விட்டாள்.

சட்டையின் ஒரு கை மெல்ல அமிழ்ந்தது.

கை மேலே வந்தது. சட்டை மிதந்தது.

கைட் குச்சியால் அதைக் கரைக்கு இழுத்து எடுத்தாள். உள்பக்கம் பட்ட விரல்கள் அப்படியே நின்றன. முகர்ந்து பார்த்தாள்.

போன மழைக்காலத்தில் இதே கிணற்றில்தான் கைட்டுடைய மகளின் சட்டை மூழ்கியது.

கைட் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குதிரை பாதிரியார் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

கைட் விரல்களைப் பாவாடையில் அழுத்தித் துடைத்தாள். "டேய் டியர்மிட், என்னடா மரமாட்டம் நிக்கிற? மிதந்திருச்சு. டாக்டர் வீட்டுக்கு விடு."

குளம்பொலி மூடுபனிக்குள் தேய்ந்து மறையும்வரை கைட் சோர்கா பக்கம் திரும்பவில்லை.

"என்னடி தேச்ச?"

"கம்பளிக் கொழுப்பு, மதினி."

கழுவாத ஆட்டுக் கம்பளி ரோமத்தைக் கொதிக்கவைத்தால் கொழுப்பு மேலே திரண்டு வரும். அதைச் சட்டையின் உள்ளும் புறமும் மெல்லிசாகத் தேய்த்தால் போதும். கல்லின் ஈரம் இழைக்குள் இறங்காது.