அரசனுக்கு ஆபத்து

"வாளைக் கீழ போடுங்கோ! இப்பவே போடுங்கோ!"

ஜூலியஸ் கத்திய கத்தலில் மத்தளம் பாதியில் நின்றது. கூத்தில் ராசா வேடம் போட்டு, ஓங்கிய வாளோடு நின்ற யோசப், அதை மெல்லத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினார். மார்க்கம் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஜிம்முக்குள் ஓர் அரசன் இவ்வளவு சுலபமாகச் சரணடைந்தது அதுதான் முதல் தடவை.

ஜூலியஸ் பொலிஸ் அல்ல. ஸ்கூல் போர்ட்டின் ஆபத்து முகாமைத்துவப் பிரிவில் அதிகாரி. சனிக்கிழமை நடக்கவிருந்த நாட்டுக்கூத்துக்குப் போர்ட்டின் இன்சூரன்ஸ் வேண்டும். அதற்கு அவருடைய கையெழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் ஜிம் கதவே திறக்காது. பனிக்கும் தன் பதவி தெரியட்டும் என்றோ என்னவோ, அடையாள அட்டையைக் குளிர்கோட்டுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்.

"தம்பி, இது பலகை வாள். மேல சுத்தியிருக்கிறது கோழி பொரிக்கிற ஃபொயில்" என்றார் யோசப்.

"பலகை பட்டாலும் மூக்கு மூக்குத்தான் அண்ணை. நாளைக்கு ஒருத்தன் வழக்குப் போட்டா போர்ட்தான் பதில் சொல்லோணும்."

கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் டெனிஸ்டன் மத்தளத்தை மடியிலிருந்து இறக்கினார். "அப்ப ராசா வெறுங்கையோடயே சண்டைக்குப் போறது?"

ஜூலியஸ் விளையாட்டுச் சாமான் அலுமாரியைத் திறந்து, நீச்சல் பழகும் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் பச்சை நிறப் பஞ்சுக் குழாய் ஒன்றை இழுத்தெடுத்தார். "இதைப் பிடிக்கலாம். விருப்பமில்லையெண்டா விடலாம். ஒருத்தரும் குறை நினைக்கமாட்டினம்."

யோசப் குழாயைப் பார்த்தார். பாரிசிலிருந்து அவருடைய தம்பி, அண்ணன் ராசாவாக நிற்பதைப் பார்க்கவென்றே ரிக்கெற் போட்டு வருகிறான். "தாங்கோ, பிடிக்கிறன்" என்றார்.

ஜூலியஸின் முகம் சற்றுச் சுருங்கியது. அடுத்தது ராசாவின் மணிமுடி. கண்ணாடிக் கல்லும் மயிலிறகும் வைத்த அந்த முடியை இரண்டு கைகளாலும் தூக்கினார்.

"பாரம் பாக்கோணும்" என்று சொல்லித் தன் தலையிலேயே வைத்தார். ஜிம் கதவின் கண்ணாடிக்கு முன்னால் போய் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பாரம் பார்க்க நல்ல நேரம் எடுத்தது.

"சரிவராது. கழுத்தெலும்புக்கு ஆபத்து. சைக்கிள் ஹெல்மெற்தான் போடோணும்."

"போடுறன் தம்பி."

அந்த நேரம் பின்னால் பழகிக்கொண்டிருந்த போர்வீரர்களில் ஒருவனின் ஈட்டி கைநழுவிப் பறந்துபோய், கூடைப்பந்து வலைக்குள் செருகிக்கொண்டது.

கட்டியகாரன் வேடம் போடும் ஜஸ்ரின் குனிந்த தலையை நிமிர்த்தினான். "அண்ணை, அங்க ஈட்டி பறக்குது!"

ஜூலியஸ் திரும்பியே பார்க்கவில்லை. "அது சின்ன விசயம். முதல்ல ராசாவை முடிப்பம்."

முடித்தார். நீளச் சால்வை காலில் தடக்கும் என்றார். யோசப்பின் மனைவி மக்டலீன் பல்லைக் கடித்துக்கொண்டு, தான் சரிகை வைத்துத் தைத்ததைத் தானே முழங்கால் மட்டத்துக்கு வெட்டினார். சிம்மாசனம் உயரம் என்றார். யோசப் முழங்காலுக்கு உறையும் மாட்டிக்கொண்டு, யோகாப் பாயில் சப்பணமிட்டு அமர்ந்தார். துள்ளி ஆடக்கூடாது என்றார். யோசப் இருந்த இடத்திலேயே தோளை மட்டும் ஆட்டினார். உச்சத்தில் பாடினால் நெஞ்சுக்குக் கூடாது என்றார். யோசப் மேடைக்கு வரும்போது பாடும் தன் வரவுப் பாட்டை, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் போன் பேசுகிறவரைப்போல முணுமுணுத்தார்.

ஒவ்வொன்றுக்கும் ஜூலியஸ், "இது கரைச்சலெண்டா விட்டிடுங்கோ அண்ணை" என்றார். ஒவ்வொன்றுக்கும் யோசப், "ஒரு கரைச்சலுமில்லைத் தம்பி" என்றார்.

ஹெல்மெற்றும் முழங்கால் உறையும் பச்சைக் குழாயுமாக அரசன் பாயில் வீற்றிருந்தான்.

ஜஸ்ரின் தொண்டையைச் செருமினான். "அண்ணாவியார், நான் 'ராசா வாறார்' எண்டு கட்டியம் கூறவோ, 'ஸ்விம்மிங் கிளாஸ் தொடங்குது' எண்டு கூறவோ?"

"பொத்தடா வாயை" என்ற டெனிஸ்டன், ஜூலியஸிடம் திரும்பினார். "இனி என்ன தம்பி மிச்சம்? சைனைப் போடுங்கோவன்."

பேனா தாளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. இன்னும் ஏதாவது ஆபத்து அகப்படாதா என்று ஜூலியஸ் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் யோசப்பைப் பார்த்தார்.

"அண்ணைக்குப் பிரஷர் இருக்கோ?"

"இல்லை."

"சுகர்?"

"அதுவுமில்லை."

"முழங்கால்?" குரலில் ஒரு நம்பிக்கை எட்டிப்பார்த்தது.

"போன வருசம்தான் மாத்தினது. புத்தம்புதுசு."

ஜூலியஸ், தானே தடைசெய்த சிம்மாசனத்தில் தொப்பென்று இருந்தார். கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். பக்கத்தில் வைத்திருந்த முடியை மடியில் எடுத்து, மயிலிறகு நோகாமல் தடவினார்.

"அண்ணை, ஒருக்கா ஏலாதெண்டு சொல்லுங்கோவன்... என்ர ராசா உடுப்பு காருக்குள்ள கிடக்குது!"