சாட்சி வைத்துத் திறந்த பெட்டி

வேல்விழியின் குற்றங்கள் நான்கு. சங்கத் தலைவர் மூக்கையா அவற்றை வரிசை மாறாமல் சொன்னார்.

"ஒண்ணு. போன தீபாவளிக்கு போனஸ் ஊர்வலம் போனோம். நீ வரல. ரெண்டு. போன மாசம் ஸ்டிரைக் ஆரம்பிச்ச மூணாம் நாள், கம்பெனி கேட்டுல நின்னு மேனேஜர்கிட்டப் பேசிக்கிட்டிருந்த. மூணு. சங்கம் விளக்கம் கேட்டதுக்கு, 'உள்ளே மாட்டிக்கொண்ட என் தூக்குவாளியைக் கேட்டேன்'னு ஒத்த வரியில பதில் எழுதுன. நாலு. சங்கத்துப் பெட்டிய உன் மகன் காதுகுத்துக்கு வாங்கிட்டுப் போயி, பாட்டப் போட்டு அலறவிட்டு, ஸ்பீக்கரைக் கொன்னு கொண்டாந்து வச்சிருக்க!"

"கொல்லலங்கய்யா. நான் வாங்கும்போதே ஒரு பக்கம் செத்துத்தான் கெடந்துச்சு."

"வாய மூடு! இருபது வருசப் பெட்டி. லத்தியில அடிவாங்கியும் சாகாதது உன் வீட்டுக்கு வந்துதான் செத்துச்சாக்கும்?"

முதலிபாளையத்தில், டீக்கடைக்கு மேல் இருந்தது சங்க அறை. பாயில் பதினோரு பெண்கள். ஸ்டிரைக் முடிந்து மற்றவர்கள் எல்லாரும் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தப் பதினோரு பேரை மட்டும் பனியன் கம்பெனி உள்ளே விடவில்லை. அவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி நாளைக் காலை தொழிலாளர் அதிகாரியிடம் பட்டியல் போகிறது.

அதில் வேல்விழி பெயரை அடித்துவிட வேண்டும் என்பதில் மூக்கையா உறுதியாக இருந்தார். அடித்தால் அவள் வேலை அதோடு போச்சு.

மதுரை மில் போராட்டத்தில் இரண்டு பற்களைப் போலீசுக்குக் கொடுத்தவர் அவர். எதிரியைக்கூட மன்னிப்பார்; கூட இருந்து குழி பறிப்பவரை மன்னிக்க மாட்டார். கேட் முன்னால் மைக் கட்ட போலீஸ் அனுமதி தராத நாளெல்லாம் பேச்சையும் பாட்டையும் கேசட்டில் போட்டுச் சங்கத்துக்கு வாயாக இருந்தது, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த அந்த ஜப்பான் டூ-இன்-ஒன் பெட்டிதான். ஸ்டிரைக்கின் கடைசி வாரம் முழுக்க அது முனகிக்கொண்டே இருந்தது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று அப்போது நினைத்தார். இப்போதல்லவா விஷயம் தெரிகிறது! அதையும் அவள் கணக்கில் சேர்த்துச் சொன்னார்.

"தலைவரே, ஸ்டிரைக் முடிஞ்சு பத்து நாள் கழிச்சுத்தானே என் மகன் காதுகுத்து?" என்றாள் வேல்விழி.

"தேதி கணக்குச் சொல்லித் தப்பிக்கப் பாக்காத!"

ரேடியோ மெக்கானிக் சின்னான் வாசலிலேயே நின்றிருந்தான். கையில் பழைய பேப்பரில் சுற்றிய புது ஸ்பீக்கர்.

"ஏனுங்க, பெட்டியக் குடுங்க. கடையில வெச்சு மாட்டிக் கொண்டாந்தர்றனுங்க."

"கடைக்கெல்லாம் வேண்டாம். இங்கேயே தொற. இவ பண்ணுனத எல்லாரும் பாக்கணும்."

"இங்க வெளிச்சம் பத்தாதுங்க..."

"லைட்டப் போடு ராஜபாண்டி!"

சங்கச் செயலாளர் ராஜபாண்டி மூக்கையாவின் மகன். குற்றப் பட்டியலை அழகான கையெழுத்தில் எழுதித் தந்தவனும் அவன்தான். எழுந்து லைட்டைப் போட்டான்.

"கடையிலயே மாட்டட்டும்ப்பா. நேரமாகுது. பட்டியலை டைப்படிக்கக் குடுக்கணும்."

"பட்டியலே இத வச்சுத்தான்டா முடிவாகும்."

சின்னான் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினான். பனியன் வேஸ்ட் துணியால் தூசியைத் துடைத்தான். பின்மூடியை எடுத்தவன், அதைச் சட்டென்று தன் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

"அது என்னப்பா ஒளிக்கிற?"

"ஒண்ணுமில்லீங்க."

"அவகிட்ட எதுவும் வாங்கிட்டியா? குடு இங்க!"

பிடுங்கினார். மூடியின் உட்புறம் முழுக்க மார்க்கர் பேனாவில் பொடிப்பொடியாக எழுத்து.

"என்னய்யா இது?"

"நம்ம பழக்கமுங்க," என்றான் சின்னான், தலை குனிந்தபடி. "ஒவ்வொருக்கா தொறக்கறப்பவும் தேதி, செஞ்ச வேல, கொண்டாந்தவிங்க பேரு எழுதி வெச்சிருவனுங்க. நாளைக்கு நாஞ் சாமான மாத்திப்போட்டேன்னு யாரும் சொல்லிரக்கூடாது பாருங்க."

"அப்ப இதுலயே இருக்கு சாட்சி!" மூக்கையா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எங்களுக்கு எழுத்துத் தெரியாது," என்றாள் பாயில் இருந்த ஒச்சாயி. "சத்தமாப் படிங்கண்ணே. அவ லட்சணத்த நாங்களும் காதால கேக்குறோம்."

"நல்லாக் கேளுங்க! '27.3.2004...'"

நிறுத்தினார். ஸ்டிரைக்கின் ஆறாம் நாள் அது.

"மேல படிங்கண்ணே."

"'இதில் இருந்த நல்ல ஸ்பீக்கரைக் கழற்றி, கம்பெனி மேனேஜர் வீட்டு செட்டில் மாட்டினேன். அந்த செட்டில் இருந்த செத்த ஸ்பீக்கரை இதில் மாட்டினேன்.'"

கீழே டீ ஆற்றும் ஓசை மட்டும் கேட்டது.

"அடப்பாவி!" என்றாள் ஒச்சாயி. "நாம கேட்டுல தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கையில, நம்ம வாயப் புடுங்கி அவனுக்குக் குடுத்தது எவன்?"

மூக்கையா அடுத்த வரியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எழுத்து மாறவில்லை.

"அப்பா," என்றான் ராஜபாண்டி மெதுவாக. "மூடியக் குடுங்க. ஸ்பீக்கரை மாட்டட்டும்."

சின்னான் கையை நீட்டினான். இரண்டு அடி தூரம்தான். கொடுத்துவிட்டால் எழுத்து உள்ளே போய்விடும்; திருகாணி ஏறிவிடும்.

வேல்விழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கையா எழுந்து நின்றார். பதினோரு பேருக்கும் கேட்கும்படி, கேட் கூட்டத்தில் பேசும் அதே குரலில் படித்தார்.

"'செய்யச் சொன்னவர்: மூக்கையா மகன் ராஜபாண்டி.'"