விரல் பொருந்தவில்லை

செவ்வந்தி ஓவியக் கல்லூரி மாணவி. அன்று வீட்டில் தன் அம்மாவைக் கரியால் வரைந்து முடித்தாள். பாதியாகத் தேய்ந்த கரித்துண்டு மேசையில் கிடந்தது. பக்கத்தில் அவளுடைய போன் இருந்தது.

"அடேயப்பா! இதை இன்ஸ்டாவுல போட்டா லைக் அள்ளும்" என்றது போன். "அசைன்மென்ட்டை அதுலதான் போடணும்னு சாரே சொல்லியிருக்கார்."

"படத்துல அந்தத் தலையைப் பாத்தியா?" என்றது கரி.

புற்றுநோய்ச் சிகிச்சையில் அம்மாவுக்குக் கொட்டிப்போன முடி இப்போதுதான் பூனைமுடியாக முளைத்திருந்தது.

"பாத்தேனே. அதுதானே படத்துக்கே அழகு!"

"காலிங் பெல் அடிச்சா அம்மா முதல்ல ஸ்கார்ஃபைத்தான் தேடுவாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக்கூட அந்தத் தலை தெரியாது. மக முன்னாடி மட்டும்தான் கழட்டி வைப்பாங்க."

போன் தன் திரையை அணைத்துக்கொண்டது.

செவ்வந்தி போனைத் திறக்க விரலை வைத்தாள். 'விரல் பொருந்தவில்லை' என்றது திரை. மறுபடி வைத்தாள். பொருந்தவில்லை. விரலில் கரித்தூள் ஒட்டியிருப்பதைப் பார்த்து, துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று கையை நீட்டினாள். நாற்காலியில் கிடந்த அம்மாவின் ஸ்கார்ஃப் அகப்பட்டது. அதைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "அம்மா, இங்க கொஞ்சம் வாயேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

கரி மெல்லக் கேட்டது: "தினமும் உன்னைத் தொடுற விரல், உனக்கா தெரியாது?"

"அம்மா சரின்னு சொல்லட்டும்" என்றது போன். "உடனே தெரிஞ்சிடும்."