மறுபடி ஏற்றவா?

“படிக்கத்தானே சொன்னேன்? யாரு உங்கள அழிக்கச் சொன்னது?”

“படிக்கத்தான் தொறந்தேன் செண்பகம். படிக்கறதுக்கு ‘ஆர்’னு போடணும். எழுதறதுக்கான ‘டபிள்யூ’ன்னு போட்டுட்டேன். பழசெல்லாம் தொடச்சுட்டு, புதுசா எழுதுன்னு நிக்குது.”

“அம்பது வயசுல புரோகிராம் கத்துக்கறாராம்!”

கதிரேசன் மவுஸை நகர்த்தினான். பக்கவாதம் வந்து பேச்சிழந்த அவன் அப்பாவுக்குத் திரும்பி வந்த சொற்களை, வந்த நாளோடு அந்தக் கோப்பில் தட்டி வைத்திருந்தாள் அவள். எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்க்கத்தான் அவன் புரோகிராம் எழுதினான். அது பூஜ்யம் என்றது. கோப்பு காலி. ஆனால் காலையில் அவள் அந்தக் கோப்பைத் திறந்து வைத்த திரை இன்னும் மூடப்படவில்லை. அதில் சொற்கள் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது: ‘கோப்பு மாறிவிட்டது. மறுபடி ஏற்றவா?’ கீழே, ஆம், இல்லை.

“ஆம் குடுங்க, வந்துடும்.”

“இரு. காலியானதே வந்துட்டா?”

கரண்ட் போயிருந்தது. பேட்டரி சிவப்புக்கு இறங்கிவிட்டது. உள்ளறையில் அப்பா ஏதோ ஒரு புதுச் சொல்லின் முதல் எழுத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். மவுஸின் மேல் அவன் விரல், அவன் விரலை அழுத்திப் பிடித்தபடி அவள் கை.

எதைத் தட்டச் சொல்வீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே பதில் போடுங்கள்.