படிக்க மட்டும் அனுமதி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: என் தம்பி, அவன் மகன், மகனின் மனைவி, நான். போனில் பேசிய கம்ப்யூட்டர்காரரை நான் சேர்க்கவில்லை. எதற்காக இந்த அவசரம் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

கதவைத் தாழிட்டவன் நான். வீட்டு விஷயம் வாசலைத் தாண்டுவதை நான் என்றும் பொறுத்ததில்லை.

மணி மூன்றரை. தம்பி வரைந்து கையெழுத்திட்ட நடைபாலம் நான்கு நாட்களுக்கு முன் இடிந்து விழுந்திருந்தது. ஒரு பெண் இறந்துவிட்டாள். வெல்டிங் சரியில்லை என்று வெல்டரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள்.

காலையில் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் சீல் வைத்துவிட்டார்கள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை ஐந்து மணிக்கு எடுத்துப்போக வருவார்கள். அதன் பொது ஃபோல்டரில் ஒரு கோப்பு இருந்தது. ஐந்து மணிக்குள் அது எங்கள் கைக்கு எட்டியாக வேண்டும். எட்டாவிட்டால் மூன்று தலைமுறையாகக் கட்டடங்களில் போட்ட எங்கள் கையெழுத்துக்கு மதிப்பு இருக்காது.

அலுவலகத்தில் இருப்பது விண்டோஸ். தம்பி மகனின் லேப்டாப்பையும் காலையிலேயே எடுத்துப்போய்விட்டதால், வீட்டில் மிஞ்சியது மருமகளின் மேக் மட்டும்.

"ஆபீஸ்ல எழுதி வச்சிருக்கிறபடியே அட்ரஸ் அடிச்சேன். ஏத்துக்கல," என்றாள் மருமகள்.

"மேடம், அந்தக் கோடு எந்தப் பக்கம் சாயுது?" என்றது போன்.

"இடது பக்கம்."

"அது விண்டோஸ் பழக்கம். மேக்ல வலது பக்கம் சாயணும். முன்னாடி எஸ், எம், பி, கோலன் போடுங்க."

தம்பி மகன் பல்லைக் கடித்தான். "அம்மா வீட்டுக்குப் போற வழி மட்டும் இவளுக்குத் தப்பவே தப்பாது."

"அங்க யாரும் பாஸ்வேர்டு கேக்க மாட்டாங்க," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரையில் வட்டம் சுற்றியது. நின்றது.

"ஃபோல்டர் தெரியுது மாமா. விருந்தாளின்னு உள்ள விட்டிருக்கு. படிக்க மட்டும்தான் அனுமதி."

"படிக்க முடியுதா? அது போதுமே," என்றேன் நான்.

"போதாதுண்ணா," என்றான் தம்பி.

கம்ப்யூட்டர்காரர் அடுத்த வழியைச் சொன்னார். "வெளிய வந்துட்டு, சார் பேர்லயே உள்ள போங்க. பேருக்கு முன்னாடி ஆபீஸ் கம்ப்யூட்டரோட பேரையும் சேருங்க. பாஸ்வேர்டு சார்தான் போடணும்."

தம்பி உட்கார்ந்து அடித்தான். தப்பு. மறுபடியும் அடித்தான். மறுபடியும் தப்பு.

"சார், இன்னொரு தடவை தப்பாச்சுன்னா அரை மணி நேரத்துக்குப் பூட்டிக்கும். கீபோர்டுல இடது ஓரமா பச்சை விளக்கு எரியுதா பாருங்க."

எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் பெரிய எழுத்தில் அடித்திருக்கிறான். மருமகள் அதை அணைத்தாள். மூன்றாவது முறை கதவு முழுதாகத் திறந்தது. மணி நான்கு நாற்பது.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க," என்று தம்பி மகன் அவசரமாகப் போனை வைத்தான்.

மருமகள் மறுபடி உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். ஸ்கேன் செய்து வைத்த, இரண்டு மாதம் முந்திய கடிதம். 'இந்தத் தகடு இவ்வளவு எடையைத் தாங்காது. இதில் எப்படி வெல்டிங் வைத்தாலும் நிற்காது' என்று எழுதி, அந்த வெல்டர் தன் பெயரைப் போட்டிருந்தார். அதன் கீழே தம்பி கைப்பட எழுதியது: 'சொன்னதைச் செய்.' அதன் கீழே எங்கள் குடும்பக் கையெழுத்து.

"படிச்சது போதும். அழிச்சிடும்மா," என்றான் தம்பி. "இது இருந்தா நான் இல்ல."

வாசலில் ஏதோ கார் நின்ற சத்தம். தம்பியும் மகனும் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் மருமகள் பக்கம் குனிந்தேன். எதிர்வீட்டுக் கார்தான். அவர்கள் திரும்புவதற்குள் மேக்கிலிருந்து காகிதம் பறப்பது போல் விர்ரென்று ஓர் ஒலி கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"மெயில் போச்சு மாமா."

"யாருக்கு?"

அவள் எழுந்து நின்றுதான் பதில் சொன்னாள். "விசாரணை அதிகாரிக்கு. அந்தக் கடிதத்தை."

தம்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் மகன் கையை ஓங்கினான். "இந்த வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு..." அந்தக் கையைப் பிடித்து நான் கீழே இறக்கினேன்.

மூன்றாம் நாள் வெல்டர் வீடு திரும்பினார். தம்பி உள்ளே போனான். சொந்தக்காரர்களுக்கு ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இல்லை: வெளியிலிருந்து வந்தவள் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டாளாம். கம்ப்யூட்டர் தெரியாத பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கண்ணைக் கட்டிவிட்டாளாம்.

நேற்று ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா மகன் அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னான். "பாவம்ணா நீங்க. அவ என்ன பண்றான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன். பந்தி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்:

"அனுப்புன்னு சொன்னதே நான்தான்."