மீண்டு வந்த சொல்

கிணற்றடியில் மனைவியின் சேலையை அலசிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"பா... பா... பா..."

வீட்டின் முன்பக்கத்திலிருந்து அவள் குரல்.

மணி இரண்டுதான் ஆகியிருக்கும். கோழிகளுக்குத் தீனி வைப்பது மாலை ஐந்து மணிக்கு. நேரம் தப்பிக் கூப்பிடுகிறாளே என்று எண்ணினார். எண்ணியவருக்குச் சிரிப்பு வந்தது.

கூப்பிடட்டும்.

ஐந்து மாதங்களுக்கு முன் பக்கவாதம் அவளுடைய வலப்பக்கத்தை முடக்கியது. பேச்சையும் கொண்டுபோயிற்று. தண்ணீர், வலி, பசி என்று எதற்கும் அவளிடம் சொல் இல்லை. கண்ணீர் மட்டும் இருந்தது.

பிறகு ஒருநாள், சன்னலுக்கு வெளியே அவர் கோழிகளுக்குக் கம்பு இறைத்தபோது கட்டிலிலிருந்து ஓர் ஒலி எழுந்தது.

"பா."

ஐந்து கோழிகளும் தலையைத் தூக்கின. ஓடிவந்து சன்னலடியில் நின்றன.

அன்று மாலை முழுவதும் அவள் கூப்பிட்டாள். அவை போவதும் வருவதுமாக இருந்தன. தீனி தீர்ந்த பிறகும் வந்தன.

"அதை மட்டும் விட்றாதீங்க. அந்த ஒரு பேச்சைப் புடிச்சுக்கிட்டே மத்ததும் வந்துரும்" என்றார் வைத்தியர்.

அதன்பின் அவர் அந்தக் கோழிகளைக் கண்ணுங்கருத்துமாகக் காத்தார். வேலி நெடுக வலை கட்டினார். வலைக்கு அடியில் கருவேல முள்ளை அடைத்தார். பக்கத்து வீட்டு நவநீதனிடம் மூன்று முறை நடந்தார். ஆசைக்கு ஒரு நாய்க்குட்டியை வாங்கியவன் அவன். அது கன்றுக்குட்டி உயரம் வளர்ந்துவிட்டது. நில் என்றால் நிற்கவும் அதற்கு அவன் பழக்கவில்லை.

"கட்டிப்போடு சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கட்டுனா ஊளையிட்டே உசிர வாங்குதுங்க ஐயா. அது ஒண்ணும் பண்ணாதுங்க. சும்மா வெளையாடும்."

"பா! பா! பா! பா!"

இப்போது முன்பக்கத்தில் அவள் குரல் உயர்ந்தது. இத்தனை திருத்தமாக, இத்தனை உரக்க அவள் ஒருநாளும் ஒலித்ததில்லை.

ஈரச் சேலையைப் பிழியாமல் அப்படியே நின்றார். தாம் போய் நின்றால் நிறுத்திவிடுவாளோ என்று அஞ்சினார். வெள்ளிக்கிழமை வைத்தியரிடம் இதை முதலில் சொல்லவேண்டும்.

மகிழ்ச்சியாகத்தான் நின்றார்.

கோழி அலறிய பிறகே ஓடினார்.

முள்ளை விலக்கி, வலைக்கு அடியில் மண்ணைப் பறித்து நாய் உள்ளே வந்திருந்தது. வாயில் செவலைக் கோழி. அவரைக் கண்டதும் அதைக் கீழே போட்டது. முன்னங்கால்களை நீட்டிக் குனிந்து வாலை ஆட்டியது.

இன்னும் மூன்று ஏற்கெனவே செத்துக் கிடந்தன.

வலையருகே ஓர் இறகுகூட இல்லை. முருங்கை மரத்தடியிலும் இல்லை. இறகுகள் எல்லாம் சன்னலடியிலேயே சிதறியிருந்தன.

அவள் இடக்கையால் சன்னல் கம்பியைப் பற்றியிருந்தாள். வாய் திறந்திருந்தது. ஒலி நின்றுபோயிருந்தது.

நவநீதன் மாடியிலிருந்து இறங்கி, சங்கிலியும் கையுமாக ஓடிவந்தான்.

"மேல இருந்து பாத்தேனுங்க ஐயா. நாய் பூந்ததும் அஞ்சும் முருங்கை மேல ஏறிருச்சுங்க. அப்பாடா, பொழச்சுதுன்னு நெனச்சேன். அப்பறம் என்னமோ, நாலு அதுகளாவே எறங்கி ஓடியாந்துச்சுங்க. எதுக்குன்னே தெரியலீங்க..."

"போதும்" என்றார்.

"அத்தன பத்திரமா உக்காந்திருந்துச்சுங்களே..."

"வாய மூடுடா!"

அவர் யாரையும் அப்படி விளித்தவர் அல்லர். அவன் திகைத்து, நாயை இழுத்துக்கொண்டு போனான்.

ஆனால் எல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது.

நாயை விரட்ட அவளுக்கு ஒரு சொல் வேண்டியிருந்திருக்கிறது. தன்னிடம் இருந்ததைக் கொண்டு விரட்டியிருக்கிறாள்.

எலுமிச்சைச் செடியின் பக்கம் குழி வெட்டி, நான்கையும் புதைத்துவிட்டு வந்தார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

முருங்கையின் உச்சிக் கிளையில் ஐந்தாவது கோழி உட்கார்ந்திருந்தது. கருநிறப் பெட்டை. எல்லாவற்றிலும் இளையது.

இருட்டுவதற்குள் அதைக் கூட்டில் அடைக்க வேண்டும். இல்லையேல் விடியற்காலையில் தானாக இறங்கும். இன்றிரவு கட்டிப்போட்டாலும் விடிந்ததும் நவநீதன் நாயை அவிழ்த்துவிடுவான். இன்று பட்டதற்காக நாளை அவன் திருந்துவான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

முருங்கைக் கிளை ஆளைத் தாங்காது. கம்பை இறைத்துவிட்டு அவரே கூப்பிட்டுப் பார்த்தார்.

"பா... பா..."

பெட்டை அவரைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தது.

அவர் சன்னலருகே வந்தார்.

"தெய்வானை, ஒரே ஒரு தடவ கூப்புடு புள்ள. நாய் இல்ல. நான் இங்கயே நிக்கறேன்."

அவள் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

உதடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

அவர் காத்திருந்தார்.

கம்பியை விட்டாள். அந்த ஒற்றைக் கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

மேலே, பெட்டை கழுத்தை நீட்டிச் செவிசாய்த்துக்கொண்டிருந்தது.