தெய்வநாயகியின் வாக்கிங்

மருமகள் ரோகிணிக்கு முதுகு வலி என்று டாக்டரிடம் போய் வந்த மறுநாள் காலையே, தெய்வநாயகி வாக்கிங் போகக் கிளம்பிவிட்டாள்.

தனியாகப் போயிருந்தாலும் பரவாயில்லை. ஹாலில் சேரைப் போட்டுப் பேப்பர் விரித்திருந்த புருஷன் செங்கல்வராயனையும், போர்வைக்குள் சுருண்டு கிடந்த மகன் ரஞ்சித்குமாரையும் சேர்த்துக் கிளப்பினாள்.

"இன்னாம்மா இது, ஞாயித்துக்கெழம கூட தூங்க வுடமாட்டியா?"

"ரத்தத்துல சக்கர ஏறிக்கினு போவுது. அல்லாரும் நடக்கணும். எய்ந்திரு."

"நீங்க போங்க. நான் ரோகிணிக்கு ஒத்தாசையா இருக்கேன்."

"ஒத்தாசையும் வாணாம், ஒண்ணும் வாணாம். அவ பாத்துக்குவா. நீ வா."

அந்த 'அவ பாத்துக்குவா' ரோகிணிக்குச் சுருக்கென்று தைத்தது. இட்லி ஊற்ற வேண்டும், சட்னி அரைக்க வேண்டும், தன் சாப்பாட்டு டப்பாவைக் கட்ட வேண்டும். அப்புறம் ஓடிப்போய் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட நிற்க வேண்டும். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான். இத்தனையும், குனிந்தால் நிமிர முடியாத இடுப்பை வைத்துக்கொண்டு.

கல்யாணமாகி கேளம்பாக்கத்துக்கு வந்ததிலிருந்தே இந்த வலி. நின்று நின்று வேலை பார்ப்பதால் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டாக்டர் ஜெனிஃபர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"முதுகெலும்பு நல்லாத்தான் இருக்கு. வயிறுதான் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. மலச்சிக்கல் இருந்தாலும் இடுப்பும் முதுகும் இப்படி வலிக்கும். காலைல சரியா போகுதா?"

பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

"போகுது டாக்டர்" என்றாள் ரோகிணி.

அது பொய். மாமியாரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எந்தப் புது மருமகள் பேசுவாள்? டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பவுடர் எழுதிக்கொடுத்தார். நிறைய தண்ணீர் குடி, கீரை சாப்பிடு, வந்தால் அடக்காதே, வலி குறையாவிட்டால் திரும்ப வா என்றார்.

தெய்வநாயகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அதற்கு மறுநாள்தான் இந்த வாக்கிங்.

ஒரு நாள் கூத்து என்று பார்த்தால், தினமும் நடந்தது. விடிந்ததும் விடியாததுமாக இரண்டு ஆண்களையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். உப்பளம் வரை நடந்துவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, வெயில் ஏறின பிறகுதான் வருவார்கள். மழை தூறிய அன்றுகூட, "குடையப் புடிச்சிக்கினு நடங்க" என்றாள்.

வந்தவுடன் சோபாவில் சாய்ந்து முட்டியைப் பிடித்துக்கொள்வாள்.

"ரோகிணி, கொஞ்சம் சுடுதண்ணி வெய்ம்மா."

ரோகிணிக்குப் பற்றிக்கொண்டு வரும். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகச் சொன்னால் முட்டி வலி. லிஃப்ட் இல்லாத இரண்டு மாடி இறங்கி ஊர் சுற்ற மட்டும் வலி இல்லையா?

அம்மா கண்ணகியிடம் போனில் கொட்டித் தீர்த்தாள்.

"எனக்கு முடியலன்னு தெரிஞ்சதும், வேலைக்கு பயந்து ஓடுதும்மா. கூட மாட செய்ய வந்த மனுஷனையும் இழுத்துக்கினு போவுது. நல்ல மாமியார் வாச்சுது எனக்கு."

பவுடர் நன்றாகவே வேலை செய்தது. வயிறு லேசானது. வலியும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நாள் காலையில் மாவுப் பாத்திரத்தை யோசிக்காமல் குனிந்து தூக்கினாள். தூக்கிய பிறகுதான் வலிக்கவில்லை என்பதே உறைத்தது.

அன்றைக்கே பேசிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆண்கள் இருவரும் கீழே டீக்கடையில் நின்றுவிட, தெய்வநாயகி மட்டும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தாள்.

"அத்தை, எனக்கு முதுகு நல்லாயிடுச்சு. நாளையிலேர்ந்து நானும் வாக்கிங் வரேன். வந்து எல்லாரும் சேர்ந்து வேலை பாக்கலாம்."

"நீயும் வந்துட்டா, அப்புறம் நாங்க இன்னாத்துக்கு போறது?"

ரோகிணிக்குப் புரியவில்லை.

தெய்வநாயகி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டரம்மாகிட்ட போவுதுன்னு சொன்னியே, பொய்னு எனக்குத் தெரியாதா? உன் மாமா சேர பாத்ரூம் கதவாண்ட போட்டுக்கினு பேப்பர் படிக்கிறாரு. உன் புருஷன் வந்து வந்து கதவத் தட்டறான். ஒரு பொண்ணு உள்ள எப்டி நிம்மதியா உக்காரும்?"

ரோகிணி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பிறந்த வீட்டில் கக்கூஸ் தோட்டத்துக் கோடியில் தனியாக இருந்தது. இங்கே உள்ளே போனால், மாமா பேப்பர் புரட்டும் சத்தம்கூடக் கேட்கும். போன வேகத்தில் வெளியே வந்துவிடுவாள்.

"சேர நவுத்தச் சொன்னா ஏன்னு கேப்பாரு. உன் சமாச்சாரத்த ஆம்பளைங்ககிட்ட நான் எப்டி சொல்றது? அதான் வூட்டையே காலி பண்ணிக் குடுத்தேன்."

"அத்தை..."

"நானும் இந்த மாதிரி வூட்டுக்குத்தான் வாக்கப்பட்டேன். மாமனாரு, கொழுந்தனாருங்க, அத்தினி பேருக்கும் ஒரே கக்கூஸு. வயித்தக் கட்டிக்கினு, இடுப்பப் புடிச்சிக்கினு வருசக்கணக்கா கெடந்தேன். எனக்காக யாரும் எய்ந்து வெளிய போவல."

போனில் அம்மாவிடம் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்து, ரோகிணிக்குக் கூசிப்போனது. தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள். புடவையை விலக்கிப் பார்த்தால் இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன.

தைலம் தேய்க்கத் தேய்க்க, தெய்வநாயகி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்:

"இனிமே நாங்க வூட்டுல இருந்தாலும் கூச்சப்படாம போவியா, சொல்லும்மா. என் முட்டி தாங்கல."